போத்தற்பாலும் பிள்ளை வயிறும்: தீவகத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

கைக்குழந்தையின் வயிற்றுப் பொருமல் வரலாற்றாய்வுக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் இக்கட்டுரைத் தலைப்பைக் காண்போருக்கு எழக்கூடும். அரசரும் போர்களும் கோயில்களும் கல்வெட்டுக்களுமே வரலாற்றின் பொருள் என்று நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வந்தமையால் அவ்வையம் இயல்பானதே. ஆயின், மனிதர் தம் வாழ்வுக்கு வேண்டியவற்றை உற்பத்தி செய்யும் முறையே வரலாற்றின் அடித்தளம் என்று கொள்வோமாயின், அடுத்த தலைமுறையைப் பெற்று வளர்க்கும் முறையும் அவ்வடித்தளத்தின் ஒரு பகுதியே என்பதை மறுத்தல் இயலாது. எங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூலின் முன்னுரையில் இவ்விரு உற்பத்திகளையும் ஒருசேர வைத்தே பேசினார்.

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே 'பால் காணாது' என்றொரு தொடர் உண்டு. பிறந்து சில வாரங்களேயான பிள்ளை பொழுதுபடும் வேளையில் கால்களை மடக்கி, முகஞ் சிவந்து, எவ்வகையிலும் தேற்றவியலாதவாறு வீரிட்டு அழும்போது, வீட்டிலுள்ள மூத்தோர் வழங்கும் தீர்ப்பு பெரும்பாலும் இதுவே. பிள்ளைக்குத் தாயின் பால் போதவில்லை என்பது அதன் பொருள். இத்தீர்ப்பின் பின்னர் போத்தல் வருகிறது. போத்தலைத் தொடர்ந்து வயிற்றுப் பொருமலுக்கான மருந்துப் புட்டியும் வருகிறது. இவை ஒன்றையொன்று தொடர்ந்து வருவது தற்செயலானதன்று என்பதும், இத்தொடர்ச்சிக்கு ஒரு சமூக வரலாறு உண்டு என்பதுமே நாம் இங்கு நிறுவ முற்படுவன. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியவற்றை உள்ளடக்கிய தீவகத்தை நாம் களமாகக் கொள்வதற்குக் காரணம், போத்தல் எவற்றையெல்லாம் வேண்டி நிற்கிறது என்பதை அந்நிலம் தெளிவாகக் காட்டுவதேயாகும்.

2

தாயின்றிப் பாலுண்ட குழந்தை பற்றிய செய்தி தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. மணிமேகலை கூறும் ஆபுத்திரன் கதை யாவரும் அறிந்தது. வாரணாசியை விட்டுக் குமரிக்கு நீராட வந்த சாலி, வழியிலே பெற்ற குழந்தையைத் தோட்டமொன்றில் விட்டுச் செல்ல, அதனைப் பசுவொன்று ஏழு நாட் பாலூட்டிக் காத்தது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். ஆவின் மகன் என்ற பொருளிலேயே அக்குழந்தை ஆபுத்திரன் ஆயிற்று. அமுதசுரபியைப் பெற்றுப் பலர் பசியையும் தீர்த்த அவன், இறுதியில் மணிபல்லவத்தில் தனித்துவிடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான் என்பது காப்பியச் செய்தி. அம்மணிபல்லவம் நயினாதீவே என்ற கருத்து ஈழத்து அறிஞர் சிலரால் முன்வைக்கப்பட்டு விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்விவாதத்தில் நாம் இங்கு இறங்கவேண்டியதில்லை. பசுப்பாலால் உயிர்தரித்த குழந்தையின் கதையைத் தீவகத்து மக்கள் தம் மண்ணோடு பிணைத்துக் காண்பதே நமக்கு முக்கியம்.

காப்பியம் இந்நிகழ்ச்சியை அற்புதமாகவே காட்டுகிறது. பசுவின் பால் மானிடக் குழந்தைக்குப் பொருந்துவது வழமையானதாயின் அதனை அற்புதமாகக் கூறவேண்டிய தேவை எழுந்திராது. தாயற்ற பிள்ளை பிழைப்பது அரிது என்ற பட்டறிவு இக்கதையின் அடியில் உறைந்து கிடக்கின்றது என்பது நம் கருத்தாகும்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது புறநானூற்றின் 164ஆம் பாட்டு. குமணனிடம் பரிசில் வேண்டி நின்ற பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலை மறந்து காளான் பூத்த அடுப்பையும், பாலற்று வறண்ட முலையைச் சுவைத்துச் சுவைத்து அழும் குழந்தையையும், அதன் முகம் நோக்கிக் கலங்கும் மனைவியையும் ஒரே காட்சியாகக் காட்டுகிறார். 'பால் காணாது' என்ற நிலையை இத்துணைத் தெளிவாகக் கூறும் பழம்பாடல் பிறிதில்லை எனலாம். ஆயின் புலவர் தாயைக் குறைகூறவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. பாலின்மைக்குக் காரணம் அடுப்பின் வெறுமையே என்று அவர் கண்டார். இதே சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில் செல்வர் மனைகளிலே செவிலித்தாயைக் காண்கிறோம். ஒருபுறம் தன் பிள்ளைக்கே பாலற்ற தாய், மறுபுறம் பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாய் வளர்க்கும் தாய். பாலூட்டலும் பிள்ளை வளர்ப்பும் வர்க்க வேறுபாட்டிற்கு அப்பாற்பட்டனவாக என்றும் இருந்ததில்லை.

3

போத்தலுக்கு முன்னர் பிள்ளைகளுக்கு வயிற்றுப் பொருமல் இருந்ததில்லை என்று கூறுவோர் உளர். இது பழமையைப் பொற்காலமாக்கும் மனப்பாங்கின் விளைவு. தமிழ் மருத்துவ மரபு பிள்ளைப்பிணிகளுள் 'மாந்தம்' என்பதற்குப் பெரிய இடம் அளித்து, அதனைப் பால் மாந்தம், செரியா மாந்தம் எனப் பலவாக வகுத்துள்ளது. ஏழாலை ஐ. பொன்னையா 1920களின் பிற்பகுதியிலிருந்து பகுதி பகுதியாகப் பதிப்பித்து வெளியிட்ட பரராசசேகரம் என்னும் யாழ்ப்பாணத்து மருத்துவத் தொகுப்பிலே பாலரோகம் தனியாக இடம்பெறுகின்றது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் 'பேர் சொல்லா மருந்து' என்றும் வழங்கும் பெயர்களே, பிள்ளையின் வயிறு எத்துணைக் கவலைக்குரியதாக இருந்தது என்பதற்குச் சான்றாகும். சுட்ட வசம்பும் ஓமமும் பெருங்காயமும் வேர்க்கொம்பும் வீட்டு மருந்துகளாக விளங்கின.

இம்மரபை மதிப்பிடுகையில் இருவகைத் தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது ஒன்று; மாசற்ற ஞானமென்று போற்றுவது மற்றொன்று. வயிற்றில் இளஞ்சூடு வைத்தல், வெற்றுடம்போடு அணைத்தல், தோளிற் சாய்த்து முதுகைத் தடவி ஏவறை விடச் செய்தல் என்பன இன்றும் ஏற்கத்தக்கன. ஆயின் வசம்பிலுள்ள அசரோன் என்னும் வேதிப்பொருள் தீங்கு பயப்பது என்று இன்று அறியப்பட்டுள்ளது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் நாவிலிடுவதும் ஆபத்தானதே. சீம்பாலைப் பழுதென்று பீய்ச்சிக் கழித்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் பருக்கும் வழக்கம் தென்னாசியாவின் பல பகுதிகளில் நிலவியது. அதனால் குழந்தை இழந்தது கொஞ்சமன்று.

இம்மரபின் கருத்தியற் கூறொன்றையும் நாம் கருத்திற் கொள்ளவேண்டும். பிள்ளைக்கு மாந்தம் வந்தால் தாய் பத்தியம் தவறினாள் என்பது அதன் விளக்கம். தாய் உண்ட பலாப்பழமும் பூசணிக்காயும் விசாரணைக்குள்ளாயின. பிள்ளையின் அழுகைக்குத் தாயே குற்றவாளி என்ற இம்மனப்பதிவு, பின்னர் வந்த சந்தைக்கு ஆயத்தமான நிலமாக அமைந்தது.

4

1867ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. மார்க்ஸின் மூலதனம் முதற்றொகுதி வெளிவந்த அவ்வாண்டிலேயே சுவிற்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் கலந்த குழந்தை உணவைச் சந்தைப்படுத்தினார். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயின் இரண்டும் பேசிய உலகம் ஒன்றே. ஆலைக்குச் சென்ற தாய்மாரின் குழந்தைகள் கவனிப்பாரின்றி இறந்தமையையும், அழுகையை அடக்க அபின் கலந்த 'கொட்பிறி' மருந்து புகட்டப்பட்டமையையும் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் போரினாற் பருத்தி வரவு நின்று லங்காஷயர் ஆலைகள் முடங்கியபோது, பெண்கள் வேலையிழந்து வறுமையுற்றனர். ஆயினும் அம்மருந்துக்குப் பதிலாகத் தாய்ப்பாலூட்ட அவர்களுக்கு ஓய்வு கிடைத்தது என்று மருத்துவர் எட்வேட் சிமித் அறிவித்தமையையும் அவர் குறித்துள்ளார். வேலை நேரமே பிள்ளையின் உணவைத் தீர்மானித்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

வயிற்றுப் பொருமலுக்கான பண்டமும் இச்சூழலிலேயே தோன்றிற்று. நொட்டிங்காம் நகரத்து மருந்து வணிகர் வில்லியம் வூட்வேட் 1851இல் கிறைப் வோட்டரை உருவாக்கினார். 1876இல் அதற்கு வணிகக்குறி பதிவாயிற்று. சதகுப்பை எண்ணெயும் சோடாவுப்பும் சீனியும் மதுசாரமும் அதன் பழைய கலவையிலே சேர்ந்திருந்தன. பிரித்தானியாவில் 1990களின் முற்பகுதியிலேயே அதிலிருந்து மதுசாரம் நீக்கப்பட்டது. குடியேற்ற நாடுகளிலே தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் நம்பிப் புகட்டிய அம்மருந்து பிள்ளையை அமைதிப்படுத்தியதில் சீனிக்கும் மதுசாரத்துக்கும் உரிய பங்கு எத்துணை என்பது சிந்தனைக்குரியது.

இலங்கையில் நெஸ்லே நிறுவனத்தின் வணிகம் 1906இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் மலாயாவுக்குச் சென்றுகொண்டிருந்தனர். தீவகத்தவர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைகள் நடத்தினர். ஆடவர் வெளியூரில் உழைத்துப் பணம் அனுப்பும் இம்முறையை 'மணியோடர்ப் பொருளாதாரம்' என்று அழைப்பதுண்டு. இப்பொருளாதாரம் ஊர்களுக்குப் பணத்தோடு நகரத்து நுகர்வுப் பழக்கங்களையும் கொணர்ந்தது. தகரப்பாலும் பால்மாவும் அவற்றுட் சில. தன் மந்தைகளாற் பசுத்தீவு என்றும் பால்தீவு என்றும் வழங்கப்பட்டதாகக் கூறப்படும் நெடுந்தீவும் இப்பண்டங்களின் எல்லைக்குட்பட்டமை, குடியேற்றப் பொருளாதாரத்தின் முரண்பாட்டைச் சுருங்கக் கூறுவதாகும்.

5

இனி, போத்தல் எவற்றை வேண்டி நிற்கிறது என்பதை நோக்குவோம். பால்மா கிருமியற்றதன்று. ஆதலின் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரிற் கரைத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டல். போத்தலும் சூப்பியும் ஒவ்வொரு முறையும் கழுவி அவிக்கப்படல் வேண்டும். நாளொன்றுக்கு ஆறேழு முறை இவ்வாறு செய்வதற்கு நன்னீரும் எரிபொருளும் நேரமும் வேண்டும்.

தீவகத்திலோ ஆறுகள் இல்லை. சுண்ணக்கல்லின் மேல், கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கும் மழைநீரே கிணற்று நீர். மிகுதியாக இறைத்தால் அது உவராகும். வேலணையின் சாட்டிப் பகுதியைப் போல நன்னீர் வாய்த்த இடங்கள் சிலவே. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நெடுந்தூரம் நடந்தவளும், பன்னாடையும் கங்குமட்டையும் பொறுக்கி அடுப்பெரித்தவளும் தாயே. குழாய்நீரும் எரிவாயு அடுப்பும் உள்ள மேனாட்டுச் சமையலறைக்கென ஆக்கப்பட்ட பண்டம், அவையெவையும் இல்லாத குடிசைக்குள் வந்தபோது, அவற்றின் இடத்தை நிரப்பவேண்டியது அவள் உழைப்பாயிற்று. அவ்வுழைப்பு இயலாதவிடத்துப் போத்தல் அழுக்காயிற்று. கையிற் பணம் முட்டுப்பட்டவிடத்துப் பால் நீர்த்துப் போயிற்று. வயிற்றோட்டமும் மெலிவும் இவற்றின் விளைவுகள்.

வயிற்றுப் பொருமலைப் பொறுத்தவரை மருத்துவம் இன்று கூறுவது நம் வாதத்துக்கு இன்றியமையாதது. தேற்றவியலா அழுகை பிறந்து இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கி, ஆறாம் வாரமளவில் உச்சம் பெற்று, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே தணிகின்றது. தாய்ப்பாலுண்ணும் பிள்ளைகளிடத்தும் போத்தற்பாலுண்ணும் பிள்ளைகளிடத்தும் அது ஒருங்கே காணப்படுகின்றது. எனவே, போத்தலே அவ்வழுகைக்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. பிள்ளை அழும்போது காற்றை விழுங்குகின்றது. ஆதலின் வயிற்றிலுள்ள காற்று அழுகையின் காரணமாக இருப்பதிலும் பார்க்க அதன் விளைவாக இருத்தல் கூடும். போத்தல் அக்காற்றை மிகுவிக்க வல்லது. சூப்பியின் துளை அளவிற் பொருந்தாவிடினும், மாவைக் குலுக்கி நுரையெழுப்பினும், போத்தலைச் சரித்துப் பிடிக்காது சூப்பியிற் காற்று நிற்க விடினும், பிள்ளை பாலோடு காற்றையும் விழுங்கும்.

இதில் நாம் கண்டுகொள்ளவேண்டிய உண்மை யாது? மூன்று மாதத்திற் தானே தணியும் அழுகை, 'பால் காணாது' என்ற தீர்ப்பாக மொழிபெயர்க்கப்பட்டது. தாய்ப்பாலோ பிள்ளை உறிஞ்சுமளவுக்குச் சுரப்பது. போத்தல் புகுந்தால் உறிஞ்சுதல் குறையும். உறிஞ்சுதல் குறைந்தாற் சுரப்புக் குறையும். சில வாரங்களிற் பால் உண்மையாகவே காணாது போகிறது. தவறான தீர்ப்புத் தன்னைத் தானே மெய்ப்பித்துக் கொள்கிறது. அதற்கிடையே மூன்று மாதமும் கழிந்து அழுகை தணியவே, தணிவித்த பெருமை பால்மாவுக்கும் மருந்துப் புட்டிக்கும் உரியதாகின்றது. மார்க்ஸ் விளக்கிய பண்டமாயைக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் காண்பதரிது. இயற்கையின் போக்கும் தாயின் உழைப்பும் பண்டத்தின் ஆற்றலாகத் தோற்றமளிக்கின்றன. பிள்ளையின் மூன்று மாத அழுகையே சந்தை வீட்டினுள் நுழைந்த வாயில் எனலாம். பத்தியம் தவறியவள் என்று முன்னர் பழிக்கப்பட்டவள் இப்பொழுது பாலற்றவள் எனப்பட்டாள். பழியின் சொல் மாறியது, பழிசுமந்தவள் மாறவில்லை.

6

இந்நிலைமை எதிர்ப்பின்றி நிலைத்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல குடியேறியிருந்த மலாயாவிலே பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். இனிப்பூட்டிய தகரப்பாலைக் குழந்தைக்கு உகந்ததென்று விளம்பரப்படுத்துவதனால் நிகழும் இறப்புக்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்பது அவர் வாதம். 1974இல் வறுமைக்கு எதிரான பிரித்தானிய அமைப்பொன்று வெளியிட்ட 'குழந்தைக் கொலையாளி' என்னும் பிரசுரம், தாதியர் போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள் மகப்பேற்று விடுதிகளில் உலாவியமையை உலகறியச் செய்தது. 1977இல் நெஸ்லே பண்டங்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. இவற்றின் பயனாக, தாய்ப்பாற் பதிலீடுகளின் விற்பனை பற்றிய சர்வதேசக் கோவையை உலக சுகாதார மகாசபை 1981 மே 21இல் ஏற்றது. ஆதரித்த நாடுகள் 118. எதிர்த்தது ஐக்கிய அமெரிக்கா ஒன்றே. விளம்பரமும் இலவச மாதிரிகளும் அக்கோவையால் விலக்கப்பட்டன. இலங்கையும் 1980களின் முற்பகுதியிலேயே இதனைத் தழுவிய விதிகளை வகுத்தது.

இலங்கையில் இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடாமைக்குப் பொதுச் சுகாதார அமைப்பே காரணம். களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை படிப்படியாக நாடெங்கும் பரவியது. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், 'பால் காணாது' என்று கூறும் வீட்டில் தாயின் பக்கம் நின்று பேசும் ஒருவரானார். இலவச மருத்துவமும் பெண்கல்வியும் இதற்குத் துணைநின்றன. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். செல்வ நாடுகள் பலவும் எட்டாத அளவு இது.

இதனைக் கொண்டு சிக்கல் தீர்ந்ததென்று அமைதல் கூடாது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்தவரிற் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். கணவரை இழந்த பெண்கள் பலர் தாமே உழைத்துக் குடும்பம் காக்கும் நிலைக்குள்ளாயினர். 2021, 2022ஆம் ஆண்டுகளின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் பால்மாவுக்குத் தட்டுப்பாடு நிலவி, மக்கள் வரிசையில் நின்றமையை நாம் மறத்தற்கில்லை. இறக்குமதிப் பண்டத்தில் தங்கியிருக்கும் பிள்ளையின் வயிறு, அந்நியச் செலாவணியிலும் தங்கியிருக்கின்றது என்பதை அந்நாட்கள் உணர்த்தின. பேறுகால நலன்கள் பற்றிய 1939ஆம் ஆண்டின் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையை வழங்குகின்றன. ஆயின் பனைத்தொழிலிலும் மீன் கருவாடு பதனிடலிலும் அன்றாடக் கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்குத் தொழில்தருநர் என்று சுட்டத்தக்க ஒருவர் இல்லை. ஆகவே அவளுக்கு விடுமுறையும் இல்லை.

7

இதுவரை கூறியவற்றால் போத்தலைக் கையிலெடுத்த தாயை நாம் குறைகூறுவதாக எவரும் கருதுதல் ஆகாது. தாயை இழந்த பிள்ளைக்கும், நோயுற்ற தாயின் பிள்ளைக்கும், பாலூட்ட இயலாது வேலைக்குச் செல்பவளின் பிள்ளைக்கும் முறையாகத் தயாரிக்கப்பட்ட பால்மா உயிர்காப்பதே. ஆபுத்திரன் அன்று வேண்டிநின்ற அற்புதத்தை இன்று அறிவியல் வழமையாக்கியுள்ளது. நாம் எதிர்ப்பது அவ்வறிவியலை அன்று. தாயின் ஐயத்தை இலாபமாக்கும் முறையையே எதிர்க்கிறோம்.

அழும் பிள்ளையின் தாய்க்கு முதலில் வேண்டப்படுவது மற்றொரு புட்டியன்று. பிள்ளை நிறையிற் கூடுகிறதா, போதியளவு சிறுநீர் கழிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். காய்ச்சலோ, பச்சை நிற வாந்தியோ, மலத்தில் இரத்தமோ காணப்படின் தாமதமின்றி மருத்துவமனை சேர்க்கப் படகும் பாதையும் வேண்டும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இது வெறும் சொல்லன்று. இவை எதுவுமில்லையாயின், மூன்று மாதம் பொறுத்திருக்கத் துணையும், பிள்ளையைத் தோளிற் சுமக்க மற்றொரு கையும், அவள் உண்ண உணவும், பருக நன்னீரும் வேண்டும்.

பெருந்தலைச் சாத்தனார் பாலற்ற முலையைக் கண்டபோது அடுப்பை நோக்கினார். அப்பார்வையே வரலாற்றுப் பார்வை. 'பால் காணாது' என்று அடுத்தமுறை கேட்கும்போது, காணாதது பால்தானா, அன்றித் தாய்க்குரிய ஓய்வும் உணவும் நீரும் துணையுமா என்று வினவுதல் நம் கடனாகும்.